கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட், மூன்றாம் நாள் வீக்கம் கூடியிருக்கிறது: வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு வயது 61. திங்கள் காலை இடது கீழ்க் கடைவாயில் இரண்டு இம்ப்ளான்ட் (போன பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் திருகு) வைத்தார்கள். எலும்புத் துகளும் கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். ஈறை இழுத்துத் தைத்து மூடியிருப்பதால் வெளியே எதுவும் தெரியவில்லை. இன்று புதன். நேற்றைவிடக் கன்னம் பெரிதாக வீங்கியிருக்கிறது, தாடைக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாகத் தெரிகிறது. காய்ச்சல் இல்லை.

சுகருக்கு மெட்பார்மின், கிளிமிபிரைடு. இதயத்துக்கு ஆஸ்பிரின் 75. புதிதாக எழுதிக் கொடுத்தவை அமாக்சிசிலின் 500, பாராசிட்டமால் 650, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ்.

இந்த வீக்கம் சரிதானா? ஐஸ் இன்னும் வைக்கலாமா? மவுத்வாஷ் இருக்கும்போது உப்புத் தண்ணீரும் வேண்டுமா? சோறு எப்போது கொடுக்கலாம்? கழற்றி மாட்டும் பழைய பல் செட்டை எப்போது போடலாம்? பாட்டி மஞ்சள் பற்றும் கிராம்பு எண்ணெயும் வைக்கச் சொல்கிறார்.

ஈறும்எலும்பும்:
முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் கீழுதட்டையும் முகவாயையும் இடம் வலம் இரண்டு பக்கமும் தொடுங்கள். இடது பக்கம் மரத்துப்போனது போலவோ, எறும்பு ஊர்வது போலவோ இருந்தால் இன்றே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். மரப்பு ஊசியின் வேலை திங்கள் இரவோடு முடிந்திருக்கும். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு அடியில், எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. இம்ப்ளான்ட் அதை அழுத்தினாலும் சுற்றி ரத்தம் கட்டினாலும் உணர்வு திரும்பாது. அழுத்தத்தை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. முதல் ஒன்றரை நாள்தான் மிகவும் முக்கியம், ஆனாலும் இன்று சொல்வது வீண் அல்ல.

வீக்கம் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். திங்கள் காலை செய்ததற்குப் புதன்கிழமை பெரிதாக இருப்பது கணக்குக்குச் சரி. ஐஸ் ஒத்தடம் முதல் இரண்டு நாளுக்குத்தான். இனி வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்துக்கு வெளியே 15 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வையுங்கள். சுகர் இருப்பவர்களுக்குத் தோலில் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம், அதனால் துணியை முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். இரவு இரண்டு தலையணை. நீலமும் மஞ்சளும் கசிந்த ரத்தம் கீழே இறங்குவது, ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்குக் கூடுதலாகவே தெரியும். நெஞ்சுவரை இறங்கினாலும் பத்துப் பதினைந்து நாளில் மறையும். இதைப் பார்த்துப் பயந்து ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நான்காம் நாளிலிருந்து வீக்கம் வற்ற வேண்டும். அதன்பிறகும் கூடினாலோ, வற்றி மறுபடி ஏறினாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ், வாயில் கெட்ட சுவை இருந்தாலோ கிளினிக்குக்குப் போக வேண்டும். நாக்குக்கு அடியில் கெட்டியாக வீங்கி நாக்கு மேலே தூக்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு திணறினால் கிளினிக் திறக்கும்வரை பார்க்காதீர்கள். நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே கொண்டு போங்கள்.

புது ரத்தம் வந்தால் சுத்தமான காஸ் துணியை நனைத்துத் தடிப்பாக மடித்து, காயத்தின் மேல் வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடிக்கச் சொல்லுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்கு ரத்தம் நிற்பதில்லை. இரண்டு முறை செய்தும் நிற்காவிட்டால் போன் செய்யுங்கள்.

மவுத்வாஷ், உப்புத் தண்ணீர் இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்றால் 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும். பல் தேய்த்தவுடனே ஊற்றாதீர்கள். பேஸ்ட்டில் நுரை வரவைக்கும் பொருள் மருந்தை முறித்துவிடும், அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். பிறகு அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். டாக்டர் வேறு சொல்லாவிட்டால் இரண்டு வாரத்தோடு நிறுத்திவிடலாம்.

உப்புத் தண்ணீர் சாப்பாட்டுத் துணுக்கை எடுப்பதற்கு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும். கன்னம் உப்ப உப்பக் கொப்பளித்து வேகமாகத் துப்பினால் ரத்தக் கட்டி பெயரும், தையல் இழுபடும். வாயில் வைத்துத் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, குனிந்து தானாக வழியவிட வேண்டும். மணல் போல ஒன்றிரண்டு எலும்புத் துகள் வருவது சகஜம். நிறைய வந்து, தையல் நடுவே பிளவும் தெரிந்தால் காட்டுங்கள். மற்ற பற்களை வழக்கம்போலத் தேய்க்கலாம், தையல் மேல் மட்டும் பிரஷ் படக்கூடாது.

பாட்டியின் அக்கறை புரிகிறது, ஆனாலும் மஞ்சள், கிராம்பு எண்ணெய் இரண்டும் வேண்டாம். மஞ்சள் தூள் தையலுக்கு அடியில் போய்த் தங்கும், கிராம்பு எண்ணெய் திறந்த சதையைப் புண்ணாக்கும். எண்ணெய்க் கொப்பளிப்பும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடாது.

சர்க்கரைக்கணக்கு:
கிளிமிபிரைடு பற்றி யாரும் சொல்லவில்லை. வாய் வலியில் அம்மா பாதி இட்லியோடு எழுந்துவிட்டால் அந்த மாத்திரை சும்மா இருக்காது, சுகரை இறக்கிக்கொண்டே போகும். முதல் வாரம் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டம்ளரில் குடிக்கட்டும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டாம். சாப்பாடு குறைந்திருக்கும் நாட்களில் மாத்திரை அளவு என்ன என்று சுகர் டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

வெறும் கஞ்சியாகவே ஓட்டினால் நேர் எதிராகச் சுகர் ஏறும், புண்ணும் ஆறாது. ஆறிய கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கொடுங்கள். குழைந்த பாசிப்பருப்பு, அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வெந்து மசித்த முட்டை, தாளிக்காத தயிர் சாதம், காரமில்லாத சாம்பாரில் ஊறிய இட்லி எல்லாம் சரி. கடுகு, எள்ளுப் பொடி, கொய்யா விதை தையலுக்குள் போய்ச் சிக்கும். அப்பளம், முறுக்கு கூடவே கூடாது. ஐந்தாம் நாள் வாக்கில் குழைத்த சோற்றை வலது பக்கம் மெல்லலாம். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் சுண்ணாம்பு புண்ணை அரித்துவிடும், புகையிலை இம்ப்ளான்ட்டையே தோற்கடிக்கும்.

வலிக்கு பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கடையில் கேட்டு ஐபுபுரோஃபென் வாங்காதீர்கள். ஆஸ்பிரின் இதயத்துக்குச் செய்யும் வேலையை அது கெடுக்கலாம், சுகர்காரர்களின் சிறுநீரகத்துக்கும் ஆகாது. கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் உணர்வு ஒரே மாதிரி இருக்கிறது. சுகர் 112. அடுத்த வாரம் ஒரு கல்யாணம், அன்று ஒரு நாள் மட்டும் பல் செட் மாட்டிக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார்.

திருகுமுனை:
இருக்கிற நிலையில் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். செட்டின் அடிப்பக்கம் காயத்துக்கு நேராக உள்ள பிளாஸ்டிக்கை டாக்டர் குடைந்து எடுத்து, மெத்தென்ற லைனர் வைத்துக் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். கடைவாய்ப் பல் இல்லாதது சிரித்தாலும் தெரியாது, கல்யாணத்துக்கு அது இல்லாமலே போகலாம் என்று சொல்லுங்கள்.

காரணம் இதுதான். வைத்த அன்று இம்ப்ளான்ட் நிற்பது பழைய எலும்பு அதை இறுக்கிப் பிடிப்பதால். ஆறும்போது உடல் அந்தப் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறது. பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி இன்னும் வராத இடைவெளி இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம்வரை. வலி போய், வீக்கம் போய், நோயாளி தெம்பாக வேர்க்கடலை மெல்லத் தொடங்குவதும் அதே நாட்களில்தான். அப்போது இம்ப்ளான்ட் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் திரும்பத் திரும்ப அசைந்தால் அதைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த் திசு வளரும். அப்படி ஆனால் வலிக்கக்கூடச் செய்யாது, மூன்று மாதம் கழித்து அதன்மேல் பல் பொருத்தப் போகும்போது ஆடும். அதனால் வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பல் பொருத்தும்வரை இடது பக்கம் கடினமாக எதுவும் போகக்கூடாது, நாக்கால் துழாவிப் பார்ப்பதும் கூடாது.

செட் அழுத்தி ஈறு தேய்ந்தால் உள்ளே மூடியிருக்கும் சிறு திருகு வெள்ளியாக எட்டிப் பார்க்கும். பதற வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை குளோர்ஹெக்சிடினில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தை இரு வேளை துடையுங்கள். பின்னால் ஈறைத் திறந்து வெளியே தெரியும் மூடி வைப்பார்கள். அது தளர்ந்தால் நீங்கள் திருகிப் பார்க்காதீர்கள். கழன்று விழுந்தால் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அன்றே போங்கள், சில நாளிலேயே ஈறு மூடிக்கொள்ளும்.

தையல் கறுப்புப் பட்டு நூலா, தானாகக் கரைவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டு என்றால் 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். அன்றைக்கு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: இம்ப்ளான்ட் எந்த கம்பெனி, எத்தனை மில்லிமீட்டர் அகலம், நீளம், லாட் எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கர் அல்லது அட்டை. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், எந்த ஸ்க்ரூ டிரைவர் பொருந்தும் என்று அந்த டாக்டருக்குத் தெரிய அதுதான் சுலபமான வழி.