மறு: ‘உள்ளடக்கிய பள்ளிக் கட்டடம்’ – மாற்றாக ‘உடன்பயில் வளாகம்’

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிக் கட்டடங்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கும் காட்பாடி அம்மையார், ‘இன்க்ளூசிவ் ஸ்கூல் டிசைன்’ (மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும்படி பள்ளியை அமைத்தல்) என்பதை ‘உள்ளடக்கிய பள்ளிக் கட்டட வடிவமைப்பு’ என்று எழுதலாமா எனக் கேட்டதில் இந்த இழை தொடங்கியது. குடியாத்தத்து அன்பர் ‘தடையற்ற பள்ளி’ போதும் என்றார். ஆரணிப் புலவர் ஐயா ‘உலகளாவிய வடிவமைப்பு’ என்ற வழக்கைச் சுட்டினார். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல, மூன்று தனித்தனிக் கருத்துகள் என்பது என் எண்ணம். அவற்றை ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால், கையேட்டைக் கையில் எடுக்கும் தலைமையாசிரியரும் ஒப்பந்தக்காரரும் அவற்றுள் எது மலிவோ அதை மட்டும் செய்து முடித்துவிடுவார்கள் என்பதால்தான் இம்மடல் சற்று நீள்கிறது, பொறுத்தருள்க.

முதலில் ‘உள்ளடக்கிய’. கல்வியோடு சேரும்போது இச்சொல் வேரூன்றிவிட்டது. வட்டார வள மையங்களிலும் ஆசிரியர் பயிற்சி ஏடுகளிலும் ‘உள்ளடக்கிய கல்வி’ என்றே எழுதுகிறார்கள். சிறப்பாசிரியர்கள் வாயிலும் அதுதான் வருகிறது. இலங்கையில் ‘உட்படுத்தல் கல்வி’ என்பார்கள். ‘அடக்கு’ என்ற ஓசை உறுத்துகிறது என்று இங்கே ஒருவர் எழுதியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘உள்ளடக்கம்’ என்ற சொல்லில் யாருக்கும் அடக்குமுறை கேட்பதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ‘உள்ளடக்கு’ என்பது செயப்படுபொருள் குன்றாவினை. அதன் பெயரெச்சம் ஒரு கட்டடத்தின் முன்னால் வந்து நின்றவுடனே ‘எதை?’ என்று படிப்பவர் மனம் கேட்கும். ‘ஆறு வகுப்பறைகளையும் ஓர் ஆய்வகத்தையும் உள்ளடக்கிய புதிய கட்டடம்’ என்று திறப்பு விழாச் செய்திகளில் படித்துப் படித்துப் பழகிய கண்ணுக்கு, ‘உள்ளடக்கிய பள்ளிக் கட்டடம்’ என்பது அச்சில் ஒரு சொல் விட்டுப்போன தொடராகவே படும். கல்வி என்னும் அருவப் பொருளுக்கு ஒத்துவந்த அடை, செங்கல்லும் சிமெண்டுமான பொருளுக்கு ஒத்துவரவில்லை.

‘ஒருங்கிணைந்த’ என்பதை எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. அது கூடாது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென 1974இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டம் ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்ற பெயரால் அறியப்பட்டது. 2018இல் வந்த ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான ‘சமக்ர சிக்ஷா’வோ ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ என்றே தமிழகத்தில் வழங்குகிறது. அது மட்டுமன்று. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2016இல் வெளியிட்ட பொதுக் கருத்துரையில் விலக்கல், பிரித்துவைத்தல், ஒருங்கிணைத்தல், உள்ளடக்கல் என்ற நான்கையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. இருக்கும் பள்ளிக்குக் குழந்தை தன்னைப் பொருத்திக்கொள்வது ஒருங்கிணைத்தல். குழந்தைக்காகப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்வது உள்ளடக்கல். கட்டடத்தைப் பற்றிப் பேசும் நமக்கு இந்த வேறுபாடே உயிர்நாடி.

இனிக் குடியாத்தத்து அன்பரின் ‘தடையற்ற பள்ளி’. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணை, பள்ளிக் கட்டடத்துக்குத் தடையற்ற அணுகல் வேண்டும் என்கிறது. சட்டத்தின் ஆட்சி பெற்ற சொல் என்பதால் அதை நாம் விட முடியாது, விடவும் வேண்டாம். ஆனால் நடைமுறையில் அச்சொல் எப்படிச் சுருங்கிப்போயிற்று என்று பாருங்கள். பள்ளி விவரங்களைத் திரட்ட ஆண்டுதோறும் பள்ளிகள் நிரப்பும் ‘யூடைஸ்’ என்ற அரசுப் படிவத்தில் சாய்தளம் உண்டா, அதற்குக் கைப்பிடி உண்டா, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கு ஏற்ற கழிப்பறை உண்டா என்ற கேள்விகள் வருகின்றன. மூன்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிட்டால் பள்ளி ‘தடையற்றது’ ஆகிவிடுகிறது. அந்தச் சாய்தளம் எந்தச் சரிவில் இருக்கிறது, எந்த அறைவரை போகிறது என்று கேட்பார் இல்லை.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. நெறிமுறைகள் 1:12 என்கின்றன. கையேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கொத்தனார் அடியிலும் அங்குலத்திலும்தான் கணக்குப் போடுகிறார். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் 1:12 என்பது அவர் கணக்கில் ‘அடிக்கு அங்குலம்’, அதாவது ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குல ஏற்றம், ஆகிறது. ரசமட்டம் வைத்துப் பார்க்கவும் எளிது. பேஸ்மட்டம் ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அங்குலம். ஆகவே பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும், இரண்டடி என்றால் இருபத்துநான்கு அடி. நான் பார்த்த ஒரு பள்ளியில் இரண்டடி உயரத்தை ஏழடி நீளத்தில் ஏறிக் கடக்கச் செய்திருந்தார்கள். சத்துணவு அரிசி மூட்டையை இறக்கத்தான் அது பயன்பட்டது, சக்கர நாற்காலியை இருவர் பிடித்துத் தள்ளினாலும் பின்னுக்கு வந்தது. ‘அடிக்கு அங்குலச் சரிவு’ என்ற தொடரைக் கையேட்டின் கலைச்சொல் பட்டியலில் அப்படியே சேர்க்கும்படி அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அகலத்துக்கு 1,200 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கடி. வாசல் நிலையில் தெளிவான திறப்பு 900 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்றடி. இவற்றையும் அடிக்கணக்கில் பக்கத்திலேயே தந்துவிடுவது நல்லது.

‘தடை’ என்றவுடன் படிக்கட்டு மட்டும் நினைவுக்கு வருவதற்கு வேலூரில் தனிக் காரணமும் இருக்கலாம். 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மருத்துவர் மேரி வர்கீஸும், பாகாயத்தில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையமும் இந்த ஊரின் பெருமை. மாற்றுத்திறன் என்றாலே சக்கர நாற்காலி என்ற படம் இங்கே ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைச் சொல்கிறது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழுதான் இருந்தன. காது கேளாக் குழந்தைக்குத் தடை எது? காங்கிரீட் கூரையும் வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் சேர்ந்து எழுப்பும் எதிர்முழக்கம். மின்விசிறியின் இரைச்சலையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் ஆசிரியர் குரலோடு சேர்த்தே செவித்துணைக் கருவி பெருக்கிக் கொடுக்கிறது. பார்வை குறைந்த குழந்தைக்குத் தடை, தரையின் நிறத்திலேயே இருக்கும் படியின் விளிம்பு. இரண்டங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை தீட்டினால் தீரும். புற உலகின் ஓசையும் ஒளியும் சட்டென்று மிகும்போது தாங்காத ஆட்டிசக் குழந்தைக்குத் தடை, ஒதுங்க ஓரிடம் இல்லாமை. நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றும் உண்டு: மார்ச் மாத நண்பகலில் திறந்தவெளிச் சாய்தளத்தின் எவர்சில்வர் கைப்பிடியைப் பிடிக்க முடியாது. கை உணர்வோ கால் உணர்வோ இல்லாத குழந்தைக்குச் சுடுவதும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சாய்தளத்தைப் புங்கமர நிழலில் போடுவது, அல்லது அதன் மேல் ஒரு தாழ்வாரம் இறக்குவது, எந்த அளவு நெறிமுறையையும்விட எங்களுக்கு முதன்மையானது. இத்தனையையும் ‘தடையற்ற’ என்ற சொல் தாங்கும்தான். பழக்கத்தால் அது குறுகிவிட்டது என்பதே என் வருத்தம்.

புலவர் ஐயா சுட்டிய ‘உலகளாவிய வடிவமைப்பு’ எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் பெயர் சூட்டிய கருத்து அது. இளம்பிள்ளை வாதத்தால் தாமே சக்கர நாற்காலியில் இயங்கியவர் அவர். அவரை உள்ளிட்ட குழுவொன்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1997இல் அதற்கு ஏழு கோட்பாடுகளை வகுத்தது. பின்னர் மாற்ற வேண்டிய தேவையோ தனி வடிவமோ இன்றி, இயன்றவரை எல்லாரும் பயன்படுத்தும்படி முதலிலேயே அமைப்பது என்பதே அதன் பொருள். ‘உலகளாவிய’ என்றால் உலகெங்கும் ஒரேமாதிரி என்றல்லவா தமிழில் படும்? பெங்களூரில் போட்ட வரைபடத்தை அணைக்கட்டிலும் ஜவ்வாது மலைப் பள்ளியிலும் அப்படியே கட்டு என்பதுபோல் ஒலிக்கிறது. நேர்மாறான பொருள். ‘பொதுமை வடிவமைப்பு’ என்பேன். ‘தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி’ என்ற நக்கீரரின் புறநானூற்று அடியை (189) ஐயாவுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் சூழ்ந்த நிலத்தைப் பிற வேந்தருக்குப் பொதுவாக விடாமல் தானே ஆள்பவனைப் பற்றிய அடி அது. ‘பிறர்க்கும் உரியதாதல்’ என்ற பொருள் பொதுமைக்குப் பழையதே. ‘வளாகம்’ என்பதும் அங்கேயே கிடைக்கிறது, அன்றைக்கு நிலப்பரப்பு என்ற பொருளில்.

ஆயினும் பொதுமை வடிவமைப்பு என்பது வழிமுறை. கையேட்டின் தலைப்புக்கு வேண்டியது நோக்கத்தைச் சொல்லும் பெயர். அதற்குத்தான் ‘உடன்பயில் வளாகம்’ என்று முன்மொழிகிறேன். ஏன் என்பதற்கு மதிய உணவு நேரத்தைப் பாருங்கள். சத்துணவுக்கும், 2022 முதல் காலை உணவுக்கும், பிள்ளைகள் தாழ்வாரத்தில் இரு வரிசையாகச் சம்மணமிட்டு அமர்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குச் சாய்தளம் உண்டு, வாசல் அகலம் உண்டு, தட்டும் கைக்கே வருகிறது. அணுகலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வரிசையின் கோடியில், மற்றவர்களின் தலைக்கு மேலே, தனியாக அமர்ந்து சாப்பிடுகிறது. பக்கத்துப் பிள்ளை சொல்லும் விடுகதை அதன் காதுக்கு எட்டுவதில்லை. அதே தாழ்வாரச் சுவரோரம் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு திண்ணை கட்டியிருந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒருவர்க்கொருவர் முகம் பார்த்து அமர்ந்திருப்பார்கள்; நடுவில் நாற்காலி நிற்க மூன்றடி இடைவெளி விட்டால் போதும். செலவு கொஞ்சம் செங்கல்தான். திடலுக்கும் இதே கணக்குத்தான். நெருஞ்சியும் சரளைக்கல்லுமான திடலில் ஓரத்துப் பாதையை மட்டும் கெட்டிப்படுத்தினால் குழந்தை வேடிக்கை பார்க்கலாம். ஆட்டம் நடக்கும் இடத்தில் ஒரு பகுதியைக் கெட்டித்தால்தான் ஆடலாம்.

‘உடன் படித்தவர்’ என்பது அன்றாட வழக்கு. அதில் யாரும் யாரையும் உள்ளே சேர்த்துக்கொள்வதில்லை. படிக்கும் பிள்ளையே எழுவாய். ‘உடன்பயில்’ வினைத்தொகையாதலால் படித்த, படிக்கும், படிக்கப்போகும் பிள்ளைகள் அனைவருக்கும் இடம் இருக்கிறது. இருபாலர் பள்ளி என்று பிறழ உணரமாட்டார்களா என்று கேட்பீர்கள். அதற்கு ‘இருபாலர் பயிலும்’ என்பது பெயர்ப்பலகைவரை போய் நிலைத்துவிட்டது, மயங்க வழியில்லை. ‘கட்டடம்’ என்னாமல் ‘வளாகம்’ என்றதும் வேண்டுமென்றேதான்: நுழைவாயிலும் குடிநீர்க் குழாயும் திடலும் மரநிழலும் சேராமல் பேச்சு முழுமை பெறாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் கட்டடத்தோடு வளாகத்தையும் வசதிகளையும் சேர்த்தே சொல்கிறது.

எனவே பட்டியல் இப்படி அமையலாம்: நோக்கத்துக்கு ‘உடன்பயில் வளாகம்’, வழிமுறைக்குப் ‘பொதுமை வடிவமைப்பு’, சட்டம் கேட்கும் அடிப்படைக்குத் ‘தடையற்ற அணுகல்’. நான்காவதாக, குறிப்பிட்ட ஒரு குழந்தை கேட்கும்போது அதற்கென்று செய்துதர வேண்டியது ஒன்றிருக்கிறது: சாய்வு மேசை, முன்வரிசை இடம், தேர்வுக்குத் தனி அறை. இதன் ஆங்கிலப் பெயரான ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்பதை ‘நியாயமான தங்குமிடம்’ என்று மொழிபெயர்த்த ஏடுகளையும் பார்த்திருக்கிறேன். விடுதிக் கட்டணத்தைப் பற்றிய பகுதி என்றே நினைத்தேன். ‘தனித்தேவை ஏற்பாடு’ என்பது விளங்கும். அணுகல் என்பது யாரும் கேட்கும் முன்பே எல்லாருக்குமாக இருக்க வேண்டியது, ஏற்பாடு என்பது ஒருவர் கேட்ட கணத்திலிருந்து கடமையாவது என்று மேற்சொன்ன ஐ.நா. குழு 2014இலேயே வரையறுத்திருப்பதால், இவ்விரண்டையும் கையேட்டில் எங்கும் கலக்கக் கூடாது. ‘அப்படி ஒரு பிள்ளை சேர்ந்தால் சாய்தளம் கட்டுவோம்’ என்ற வழக்கமான பதில் இந்தக் கலப்பிலிருந்துதான் வருகிறது.

இரண்டு சொற்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பார்வையற்றோருக்கான புடைப்புத் தரை ஓடுகள் பதித்த வழிக்குத் ‘தொடுதடம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். காலாலும் கோலாலும் உணர்வதைத் தொடுதல் என்னலாமா என்ற ஐயம் இருக்கிறது. ஓசை மிகும்போது குழந்தை சற்று விலகி அமரும் இடத்துக்குக் குடியாத்தத்து அன்பர் தந்த ‘ஒதுங்கிடம்’ நல்ல ஆக்கம்தான், ஆனால் நம் கிராமங்களில் ‘ஒதுங்கப் போவது’ எதைக் குறிக்கும் என்று அவருக்கே தெரியும். ‘அமைதி மூலை’ என்று வைத்தால், ‘மூலை’ என்பது வகுப்பில் தண்டனைக்கு நிற்க வைக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுமா என்பதைக் குழுவில் உள்ள ஆசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
வேலூரிலிருந்து