டெக்சாஸ் கோர் கரிகுலம்: 42 கிரெடிட் பொதுப் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாண்டு_மாணவன் கேட்டது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறேன், இது முதல் வருடம். அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் டிகிரி பிளானை முழுசாகப் பார்த்தேன். பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), அதில் 42 கிரெடிட் கோர் கரிகுலம் என்ற பெயரில் பொதுப் பாடங்கள். அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, எழுத்தும் பேச்சும் 6, கலை 3, மொழி-தத்துவம்-பண்பாடு 3, சமூக அறிவியல் 3 என்று பட்டியல் போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

நான் புரோகிராமிங் படிக்க வந்தவன். இதையெல்லாம் எதற்குக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவனுக்கு இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இன்னொன்று, கூடப் படிப்பவர்கள் எல்லாரும் சொல்வது, எதில் சுலபமாக ஏ கிரேடு வருமோ அதையே எடுத்துத் தள்ளிவிடு, சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ. ஏறும் என்று. அப்படிச் செய்வதா, இல்லை வேறு மாதிரி யோசிக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

முதலில் கணக்கைச் சரிபார்ப்போம் தம்பி. அந்த 42க்குள் கணிதம் 3, இயற்கை அறிவியல் 6 இருக்கிறது, நீங்கள் எழுதிய பட்டியலில் அது இல்லை. கால்குலஸும் பிசிக்ஸும் பெரும்பாலும் உங்கள் மேஜருக்கே, அதாவது முக்கியத் துறைப் படிப்புக்கே, தேவைப்படும். அப்படியானால் அந்த 9 கிரெடிட் இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். மிச்சம் 33 தான் உங்கள் துறைக்கு வெளியே. அதிலும் கடைசியில் 6 கிரெடிட் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிற பகுதி, சில இடங்களில் அதிலும் ஒரு கணிதப் பாடத்தைச் சேர்க்க விடுவார்கள். பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட்டைத் திறந்து எந்தப் பாடம் எந்தக் கட்டத்தில் உட்காருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

இது டெக்சாஸ் மட்டும் கண்டுபிடித்த தொல்லை இல்லை. தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருகிற எஸ்.ஏ.சி.எஸ்.சி.ஓ.சி. அமைப்பின் விதிப்படியே இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 30 கிரெடிட் பொதுக்கல்வி வேண்டும். தொழில்நுட்பத்துக்குப் பெயர் போன எம்.ஐ.டி.யிலும் எந்தத் துறை மாணவராக இருந்தாலும் கலை, மனிதவியல், சமூக அறிவியல் பக்கம் 8 பாடங்கள் முடிக்காமல் பட்டம் வாங்க முடியாது.

சரி, எதற்கு? நான் ஒரு கல்லூரியில் முதலாண்டு வரலாற்று வகுப்பு எடுக்கிறேன், பாதிப் பேர் பொறியியல், கணினி மாணவர்கள். அவர்களிடம் ஒரே சம்பவத்தைப் பற்றி முரண்படுகிற இரண்டு கடிதங்களைக் கொடுத்து, இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார், இரண்டில் எதை எவ்வளவு நம்பலாம், உன் முடிவை நான்கு பக்கத்தில் எழுது என்று சொல்கிறேன். முதல் தடவை பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. சரியான விடை ஒன்றுதான் இருக்கும் என்ற பழக்கத்தில் வந்திருக்கிறார்கள், ஆதாரம் அரைகுறையாக இருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்து அதை மற்றவர் ஒத்துக்கொள்ளும்படி எழுதுவது வேறு வேலை. அந்த வேலையைத்தான் உங்கள் அலுவலகத்திலும் செய்யப் போகிறீர்கள். இந்த வடிவமைப்பு ஏன், அது ஏன் வேண்டாம், வாடிக்கையாளர் சொன்ன குறையில் எது நிஜம் என்றெல்லாம் எழுத வேண்டி வரும்போது புரோகிராமிங் மொழி கைகொடுக்காது.

உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். கிளாட் ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்தபோது உண்மை, பொய் என்ற இரண்டை வைத்துக் கணக்கிடும் ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதத்தை ஒரு தத்துவ வகுப்பில்தான் சந்தித்தார். அதை மின்சாரத்தால் திறந்து மூடும் ரிலே சுவிட்சுகளோடு இணைத்து 1937இல் எம்.ஐ.டி.யில் முதுகலை ஆய்வேடு எழுதினார். நீங்கள் முதல் வருடத்தில் படிக்கிற டிஜிட்டல் லாஜிக் முழுவதும் அந்த இணைப்பின் மேல் நிற்கிறது.

சுலபமான ஏ கிரேடு பற்றி. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒரு கனமான செமஸ்டரில் ஒரு லேசான பாடம் இருந்தால் தப்பில்லை. எல்லாவற்றையும் அப்படியே எடுத்தால் 33 கிரெடிட்டுக்கான நேரமும் பணமும் போய் கையில் எதுவும் நிற்காது. நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த வகுப்பில் நீங்கள் எழுதியதை யாராவது படித்துக் குறிப்பு எழுதித் திருப்பித் தருகிறார்களா, திருத்தி மறுபடி எழுத வாய்ப்பு இருக்கிறதா? முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு மட்டும் வைக்கிற வரலாறும், முப்பது பேர் வகுப்பில் கட்டுரை எழுத வைக்கிற வரலாறும் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) ஒரே பெயரில்தான் வரும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் இளநிலைப் பாடங்களின் சிலபஸையும் ஆசிரியரின் கல்வித் தகுதி விவரங்களையும் வலைத்தளத்தில் பொதுவில் போட வேண்டும் என்று 2009இல் மாநிலச் சட்டமே வந்தது. போன செமஸ்டர் சிலபஸை எடுத்துப் பாருங்கள், மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்ற பகுதி போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

ரிலே_பொறியாளர்:

கரும்பலகை அக்கா சொன்ன வகுப்பு கிடைத்தால் நான் எதுவும் பேச மாட்டேன். பிரச்சினை என்னவென்றால் பெரும்பாலான மாணவர்களுக்கு அந்த வகுப்பு கிடைப்பதில்லை. ஷானன் ஒருவரைக் காட்டி லட்சக்கணக்கான பேர் மேல் கட்டாயத்தை வைக்க முடியாது, அவர் ஆர்வத்தோடு போய் உட்கார்ந்தவர்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தாலே புரியும். ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட் பழைய கட்டாயப் பாடங்களைக் கழற்றிவிட்டு விருப்பப் பாட முறையைக் கொண்டுவந்தார். மாணவர்கள் சம்பந்தமில்லாத தொடக்கநிலைப் பாடங்களாகப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்ற புகார் வந்ததும், அவருக்கு அடுத்து வந்த லோவல், ஒரு துறையில் ஆழம், மற்ற துறைகளில் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கிட்டார். இன்று நாம் பார்க்கிற பட்டியல் முறைக்கு வேர் அதுதான். கொலம்பியா வேறு வழியில் போனது, முதல் உலகப்போர் முடிந்த கையோடு 1919இல் எல்லா மாணவரும் சேர்ந்து படிக்கும் ஒரே பொதுப் பாடத்தைத் தொடங்கியது, சின்ன வகுப்பு, மூல நூல்கள், விவாதம். பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் நேர் எதிராகப் போய் பங்கீட்டுக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது, மாணவர்களே ஆய்வு செய்து எழுதிய அறிக்கையிலிருந்து கிளம்பிய மாற்றம் அது. எழுதும் திறனை நிரூபிக்க வேண்டும் என்பதை மட்டும் இன்றும் விடவில்லை, கவனியுங்கள்.

கொலம்பியா வழியும் எனக்குப் புரிகிறது, பிரவுன் வழியும் புரிகிறது. நடுவில் இருக்கிற இந்தப் பட்டியல், ஒவ்வொரு துறைக்கும் வகுப்பு நிறைய ஆள் கிடைக்க வேண்டும் என்ற கணக்கில் நிற்கிறது என்பது என் கருத்து. வரலாற்றில் 6, அரசியலில் 6 என்று எண்ணிக்கையைச் சட்டம் சொல்கிறது, அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் மாணவனிடம் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறவர்கள் அந்த வகுப்பைச் சின்னதாக வைக்கவும் கடமைப்பட்டவர்கள்.

கரும்பலகை:

@ரிலே_பொறியாளர் கடைசி வரியோடு முழுசாக உடன்படுகிறேன். வகுப்பின் அளவுக்காக நாங்கள் ஒவ்வொரு வருடமும் சண்டை போடுகிறோம். ஆனால் கட்டாயத்தை எடுத்துவிட்டால் முதலில் மூடப்படுவது பெரிய அரங்கு வகுப்பு இல்லை, அந்த முப்பது பேர் வகுப்புதான். பிரவுனில் சேருகிற மாணவருக்குப் பள்ளியிலேயே நல்ல வழிகாட்டுதல் கிடைத்திருக்கும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்குத் தத்துவம் என்று ஒரு பாடம் இருப்பதே இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிய வருகிறது. எனக்கு அந்தப் பிள்ளைதான் முக்கியம்.

பதிவேடு_பார்ப்பவர்:

கொள்கை விவாதம் நல்லது, தம்பிக்கு உடனே தேவையான சில விஷயங்களை நான் சொல்லிவிடுகிறேன், மாணவர் ஆலோசனைப் பிரிவில் வேலை பார்ப்பதால் தினமும் பார்க்கிறேன்.

பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் வாங்க உதவும் ஏ.பி. தேர்வு எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணை அனுப்பினீர்களா என்று பாருங்கள், பல பேர் அனுப்பவே இல்லை. இல்லையென்றால் வகுப்புக்குப் போகாமலே தேர்வு எழுதிக் கிரெடிட் வாங்க, காலேஜ் போர்டு நடத்துகிற கிளெப் தேர்வு இருக்கிறது, அமெரிக்க வரலாறு இரண்டு பாகத்துக்கும் தனித்தனித் தேர்வு உண்டு. எந்த மதிப்பெண்ணை ஏற்பார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அரசியல் 6 கிரெடிட்டில் ஒன்று மத்திய அரசு பற்றியது, மற்றது டெக்சாஸ் அரசு பற்றியது. கிளெப்பில் முதல் பாதி கிடைத்தாலும் டெக்சாஸ் பாதியைப் பெரும்பாலும் தனியாகத்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுப்பதாக இருந்தால் டெக்சாஸ் கல்லூரிகள் ஒரே பாடத்துக்கு ஒரே எண் தருகிற பொது எண் முறையில் அதே எண் உள்ள பாடம்தானா என்று பாருங்கள். ஓர் அரசுக் கல்லூரியில் 42ஐயும் முழுசாக முடித்துவிட்டால் மாநிலத்தின் வேறு எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினாலும் அந்த முழுத் தொகுப்பையும் ஏற்றே ஆக வேண்டும். பாதியில் மாறினால்தான் எந்தப் பாடம் எந்தக் கட்டத்துக்கு என்ற குழப்பம் வரும்.

ஒரு எச்சரிக்கை. எடுத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் டிராப் செய்யலாம், அதாவது நடுவில் விலகலாம், என்று நினைக்காதீர்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இளநிலை முடியும்வரை மொத்தம் 6 டிராப் தான் பொதுவாக அனுமதி. இரண்டாம் வருட அல்காரிதம் வகுப்பில் தேவைப்படும்போது கையில் மிச்சம் இருக்க வேண்டும்.

நீங்கள் எஃப்-1 விசாவில் (வெளிநாட்டு மாணவர் விசா) இருந்தால் இன்னொன்று: ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும், அந்த முழுநேரக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான் சேரும். பொதுப் பாடங்களில்தான் ஆன்லைன் பிரிவுகள் அதிகம், அங்கேதான் மாட்டுகிறார்கள்.

முதலாண்டு_மாணவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிலபஸ் பார்க்கும் யோசனை நிஜமாகவே வேலை செய்கிறது, ஒரே அமெரிக்க வரலாற்றுப் பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள், ஒருவர் மட்டும் மூன்று கட்டுரை வைத்திருக்கிறார், முதல் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கவும் விடுகிறார். அதை எடுக்கலாம் என்று இருக்கிறேன். தத்துவக் கட்டத்துக்கு லாஜிக் பாடம் ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. கடைசியாக ஒரு சந்தேகம், பொதுப் பாடங்களை முதல் இரண்டு வருடத்திலேயே முடித்துவிடு என்று அட்வைசர் சொல்கிறார், அது நல்லதா?

கரும்பலகை:

எழுத்துப் பாடத்தை மட்டும் முதல் வருடத்திலேயே முடியுங்கள், மற்ற எல்லா வகுப்புக்கும் அது உதவும். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் பதிவேடு_பார்ப்பவர் சொன்ன காரணத்துக்காக அட்வைசர் சொல்வதும் சரி. இல்லையென்றால் இரண்டு மூன்று பாடங்களை மூன்றாம், நான்காம் வருடத்துக்கு வைத்திருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் மாதிரி கனமான பாடம் வரும் செமஸ்டரில் நான்கும் கணினிப் பாடமாக இருந்தால் மூச்சு முட்டும். அதோடு, இன்டர்ன்ஷிப் போய் வந்த பிறகு பொருளாதாரமோ உளவியலோ எடுக்கிற மாணவர் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கிறது, பாடம் நடத்தும் எங்களுக்கும் அந்த வகுப்பு பிடிக்கும். லாஜிக் பாடத்தில் பதிவு செய்யும் முன் அது வாதங்களைக் கணிதம் போலக் குறியீடுகளால் எழுதும் குறியீட்டுத் தர்க்கமா, பொதுவான வாதத்திறன் பாடமா என்று சிலபஸில் பாருங்கள். கணினித் துறைக்கான கணிதமான டிஸ்கிரீட் மேத்ஸ் அடுத்து வருகிறதென்றால் குறியீட்டுத் தர்க்கம்தான் உங்களுக்கு நேராக உதவும்.