235 இன்ஜினுக்கு டைமிங் கியர்: ஃபைபரா, அலுமினியமா?

கேள்வி: 1954 செவ்ரோலே டிரக்கின் 235 (கன அங்குல) ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பிரித்திருக்கிறேன். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் இருந்த ஃபைபர் (பிசினில் இறுகிய நார்) டைமிங் கியரில் இரண்டு பற்கள் விளிம்பில் பிய்ந்திருக்கின்றன. அதைச் சுழற்றும், கிராங்க் ஷாஃப்ட் பக்கம் உள்ள இரும்புக் கியர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டு, கேமில் மட்டும் அலுமினியம் கியர் போடலாமா? இந்த இன்ஜின் மறுபடி ஓட வேண்டும் என்று ரொம்ப ஆசை.

பதில்: இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள் தம்பி. தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் சத்தமும் வரும், புதியதும் சீக்கிரம் தேயும். ஃபைபர் அமைதியாக ஓடும், ஆனால் வயதானால் உதிரும். சுமை ஏற்றுவதாக இருந்தால் அலுமினியம்தான் என் தேர்வு. கொஞ்சம் சத்தம் கேட்கும், பரவாயில்லை. அப்புறம் முக்கியமான ஒன்று: பிய்ந்த துணுக்குகள் எங்கே போயின? ஆயில் பேனைக் கழற்றி, ஆயில் பம்பின் வடிகட்டி வலையைக் கட்டாயம் பாருங்கள். அங்கே அடைத்தால் பேரிங் போய்விடும்.

கேள்வி கேட்டவர்: பார்த்தேன் அண்ணா. வலையில் பழுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன! நல்லவேளை சொன்னீர்கள்.

இன்னொரு பதில்: கேம் கியரை பிரஸ்ஸில் ஏற்றும்போது நடுவிலுள்ள ஹப்பில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும், பற்களின் விளிம்பில் விழக் கூடாது. கியருக்குப் பின்னால் இருக்கும் த்ரஸ்ட் பிளேட்டை (கேம் ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் தகடு) முதலில் மாட்ட மறக்காதீர்கள்; மறந்தால் கியரைத் திரும்பக் கழற்ற வேண்டும். இரண்டு கியர்களின் குறிகளும் நேருக்கு நேர் வந்த பிறகு, கையால் சுற்றிப் பல இடங்களில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) அளந்து பாருங்கள்.