இந்திய பி.எட். வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் டீச்சர் ஆவது: அனுபவப் பகிர்வு

கணக்கு மிஸ் (ப்ரீமான்ட்):
"பி.எட். இருக்கு, இங்கே டீச்சர் ஆகலாமா?" என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும். ஆகலாம். தகுதி இல்லாமல் நின்றுபோனவர்கள் குறைவு. வரிசை மாற்றிச் செய்து மாதக்கணக்கில் இழந்தவர்கள்தான் அதிகம்.

உரிமம் கொடுப்பது சாக்ரமென்டோவில் இருக்கும் ஆசிரியர் உரிம ஆணையம், சுருக்கமாக சி.டி.சி. முதலில் பிரிலிமினரி க்ரெடென்ஷியல் (ஆரம்ப உரிமம்), ஐந்து வருடம் செல்லும். அதற்குள் புது ஆசிரியருக்கான வழிகாட்டல் திட்டமான இன்டக்‌ஷன் முடித்தால் க்ளியர் க்ரெடென்ஷியல் (முழு உரிமம்). அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் மார்க்‌ஷீட் மதிப்பீடு. கிரீன் கார்டுக்காக வக்கீல் எடுத்துக் கொடுத்த எவாலுவேஷனை அனுப்பினால் பெரும்பாலும் செல்லாது. சி.டி.சி. தன் பட்டியலில் வைத்திருக்கும் நிறுவனம்தான் செய்திருக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு பாடத்துக்கும் யூனிட், கிரேடு போட்ட பாடவாரி அறிக்கையாக. "இந்தப் பட்டம் அமெரிக்க பேச்சலர்ஸுக்குச் சமம்" என்ற ஒரு வரிக் கடிதம் போதாது.

மூன்று வருட பி.எஸ்சி.யை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். "மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு" என்று எழுதி முடித்துவிடும் நிறுவனங்கள் உண்டு. எம்.எஸ்சி., பி.எட். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுங்கள். மூன்று வருடப் பட்டத்தை எப்படிக் கணக்கெடுப்பார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ராணி:
ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டு பி.எட். கல்லூரிகளில் பெரும்பாலானவை தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. டிகிரி சென்னைப் பல்கலையிலோ அழகப்பாவிலோ இருக்கலாம், பி.எட். ட்ரான்ஸ்கிரிப்ட்டுக்கு காரப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். ஆக இரண்டு விண்ணப்பம், இரண்டு முத்திரை உறை. ஒன்று வந்து மற்றொன்று வராவிட்டால் மதிப்பீடு நகராது.

2014 விதிமுறைகளுக்கு முன்பு பி.எட். ஒரு வருடம், அதன் பிறகு இரண்டு வருடம். ஒரு வருடக்காரர்கள் கற்பித்தல் பயிற்சி எத்தனை வாரம், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மார்க்‌ஷீட்டில் "செய்முறை" என்று ஒற்றை வரிதான் இருக்கும். அதைப் பார்த்து மதிப்பிடுகிறவருக்கு ஒன்றும் புரியாது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சான்றிதழ் இங்கே உரிமமாகக் கணக்கில் வராது.

பே ஏரியா சப்:
கைரேகை பற்றி யாரும் சொல்லவில்லையே. கணினியில் கைரேகை எடுக்கும் லைவ் ஸ்கேனுக்குப் போகும்போது 41-எல்.எஸ். என்ற படிவத்தை எடுத்துப் போங்கள். பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுக்கு (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) கொடுத்த கைரேகை சி.டி.சி.க்குப் போகாது; சி.டி.சி.க்குக் கொடுத்தது டிஸ்ட்ரிக்ட்டுக்கும் வராது. "ஏற்கெனவே கொடுத்தாச்சே" என்று உட்கார்ந்திருப்பவர்களின் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். இரண்டு தடவை பணம் கட்டுவது எரிச்சல்தான், வேறு வழியில்லை.

அமெரிக்க அரசியலமைப்புப் பாடமும் இந்திய டிகிரியில் இருக்காது. கல்லூரியில் ஒரு பாடம், அல்லது அதற்கான தேர்வு. சின்ன வேலை, கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

வகுப்பறை எப்படியிருக்கும் என்று பார்க்க 30 நாள் சப்ஸ்டிடியூட் பெர்மிட் நல்ல வழி. பேச்சலர்ஸுக்குச் சமமான பட்டமும் கைரேகையும் முக்கியம். ஒரே ஆசிரியருக்குப் பதிலாக 30 நாள்வரை, சிறப்புக் கல்வி வகுப்பில் 20 நாள்வரை நிற்கலாம். எச்4 (எச்1பி-காரரின் துணைக்கான விசா) காரர்களுக்கு: பெர்மிட்டும் க்ரெடென்ஷியலும் வேலை செய்யும் அனுமதி ஆகாது. வேலை அனுமதி அட்டையான இ.ஏ.டி.யை டிஸ்ட்ரிக்ட் தனியாகக் கேட்கும்.

புதுசு2025:
பி.எட். இல்லாதவர்களுக்கு? பி.இ. முடித்து ஐ.டி.யில் இருந்தவர்கள் கணக்கு எடுக்க முடியுமா?

கணக்கு மிஸ் (ப்ரீமான்ட்):
முடியும். சிங்கிள் சப்ஜெக்ட் (ஒரே பாடத்துக்கான உரிமம்), கணக்கு. பாட அறிவைக் காட்ட சீசெட் தேர்வு எழுதலாம். 2021 முதல் படித்த பாடங்களைக் கொண்டும் காட்டலாம். பொறியியல் பாடங்களை ஆசிரியர் பயிற்சித் திட்டக்காரர்கள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதில் இழுபறியானால் சீசெட் எழுதுவதே சீக்கிரம் முடியும்.

பிறகு இரண்டு வழி. ஸ்டூடன்ட் டீச்சிங் வழியில் 600 மணி நேர வகுப்பறைப் பயிற்சி, சம்பளம் கிடையாது. இன்டர்ன் வழியில் 120 மணி நேர முன்பயிற்சி முடித்துவிட்டுச் சம்பளத்தோடு வகுப்பை ஏற்கலாம். இன்டர்னுக்கு வருடத்துக்கு 144 மணி நேர ஆதரவும், ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் தொடர்பாக மேலும் 45 மணி நேரமும் கொடுக்க வேண்டும் என்பது விதி. தாளில் மணி ஏறுகிறதா, ஆள் நிஜமாக வருகிறாரா என்று பாருங்கள். இன்டர்ன் க்ரெடென்ஷியல் அந்த டிஸ்ட்ரிக்ட்டோடு கட்டப்பட்டது. நடுவில் விலகினால் அதுவும் போய்விடும்.

ஆரம்பப் பள்ளிக்கான மல்டிபிள் சப்ஜெக்ட் எடுப்பவர்கள் வாசிப்புக் கற்பித்தலுக்கான பழைய ரைகா தேர்வுப் புத்தகம் வாங்க வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வாசிப்புக் கற்பித்தலை வகுப்பிலேயே செய்து காட்டும் மதிப்பீடு வந்துவிட்டது.

மென்டார் அம்மா:
இன்டக்‌ஷன் பற்றி விரிவாகச் சொல்கிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிரிலிமினரியின் ஐந்து வருடம் சான்றிதழ் தேதியிலிருந்து ஓடுகிறது, வேலை கிடைத்த நாளிலிருந்து அல்ல. இன்டக்‌ஷனோ இரண்டு வருடம், கையில் வகுப்பு இல்லாமல் செய்ய முடியாது. சான்றிதழை வாங்கி வைத்துவிட்டுக் குழந்தை பள்ளிக்குப் போகட்டும் என்று மூன்று வருடம் இருந்தால், நான்காவது வருடம் வேலை கிடைத்தாலும் மூச்சு முட்டும். வேலை தேடும் காலத்தை ஒட்டி விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

வேலையில் சேர்ந்ததும் மனிதவளத் துறையிடம் முதலில் கேட்க வேண்டியது: இன்டக்‌ஷன் உங்களுடையதா, கவுன்டியுடையதா (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி), பணம் யார் கட்டுவது? இலவசமாகத் தரும் டிஸ்ட்ரிக்ட்டும் உண்டு, ஆசிரியர் தலையில் கட்டுவதும் உண்டு. இன்டக்‌ஷனில் சேர்ந்த 30 நாளுக்குள் மென்டார் வர வேண்டும், 60 நாளுக்குள் தனிக் கற்றல் திட்டம் எழுதியாக வேண்டும். வாரத்துக்குச் சராசரி ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஆதரவு. மென்டாரிடம் க்ளியர் க்ரெடென்ஷியலும் குறைந்தது மூன்று வருட அனுபவமும் இருக்க வேண்டும். அக்டோபர் முடிந்தும் மென்டார் பெயர் வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், ஸ்டாஃப் ரூமில் புலம்பிப் பலனில்லை.

இலக்கு வைக்கும்போது பிரின்சிபாலிடம் கருத்துக் கேட்பது உண்டு. ஆனால் கற்றல் திட்டத்தை வேலை மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. புதியவர்கள் குழம்புவது, ப்ரொபேஷனும் (வேலையின் சோதனைக் காலம்) பெரும்பாலும் இரண்டு வருடம் என்பதால். அது டிஸ்ட்ரிக்ட்டின் கையில்; இரண்டாம் வருடம் மார்ச் 15-க்குள் முடிவு சொல்வார்கள். இன்டக்‌ஷன் உரிமத்துக்கு. ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியதாகாது.

ஊரில் பல வருடம் பாடம் எடுத்தவர்கள் சீக்கிரம் முடிக்கும் வாய்ப்பைப் பற்றிச் சேரும்போதே கேளுங்கள். தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

எடிசன் தமிழன்:
நியூ ஜெர்சியில் கணக்கே வேறு. முதலில் கிடைக்கும் தகுதிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, வேலையும் வேண்டாம். பள்ளி வேலைக்கு எடுத்த பிறகுதான் ப்ரொவிஷனல் (தற்காலிக உரிமம்), டிஸ்ட்ரிக்ட் வழியாக. ஆசிரியர் பயிற்சி முடிக்காமல் வரும் மாற்றுவழிக்காரர்களுக்கு வகுப்பில் நிற்பதற்கு முன் 50 மணி நேரப் பயிற்சி. சேர்ந்த முதல் எட்டு வாரமும் வாரம் ஒருமுறை மென்டாரைச் சந்திக்க வேண்டும். மென்டாருக்கான தொகையைப் புது ஆசிரியரின் சம்பளத்தில் பிடிக்கும் டிஸ்ட்ரிக்ட்டும் உண்டு, ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

பே ஏரியா சப்:
கடைசியாக ஒன்று. சி.டி.சி. பரிசீலிக்கும் வாரங்களில் வேலை தொடங்க வேண்டியிருந்தால், கவுன்டி கல்வி அலுவலகத்தில் தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். டிஸ்ட்ரிக்ட்தான் அதற்கு ஏற்பாடு செய்யும். விண்ணப்பக் கட்டணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கேட்பார்கள்.