வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் நடுவே 160 மீட்டர்: கேமரா இணைத்தவர்களின் அனுபவங்கள்

தோப்புவாசி (பொள்ளாச்சி)

வீட்டிலிருந்து தள்ளி இருக்கிற கொட்டகை, மோட்டார் ரூம், களம் இதுக்கெல்லாம் கேமரா போட்டு, வீட்டு ரவுட்டரோடு இணைத்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கொப்பரை விலை ஏறும்போதெல்லாம் எங்கள் பக்கம் திருட்டும் ஏறுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் கொப்பரையைத் தொடாமல், செம்புக்காக மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சரி, நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து மாடு கட்டுகிற கட்டுத்தரை 160 மீட்டர். நடுவே முழுக்கத் தென்னை. கேமரா போட வந்தவர், கேட்-6 என்கிற நெட்வொர்க் ஒயரை மரத்துக்கு மரம் கட்டி, பாதி வழியில் ஒரு மரத்தில் டப்பாவுக்குள் நெட்வொர்க் சுவிட்ச் (ஒயர்களை இணைக்கிற பெட்டி) வைத்துவிடலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்-6 ஒயருக்கு 100 மீட்டர்தான் கணக்கு. ஒரே ஒயரில் டேட்டாவும் கரண்டும் அனுப்புகிற சில பிஓஇ சுவிட்சுகளில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகக் குறைந்து, 250 மீட்டர் வரை போகும் என்று போட்டிருப்பார்கள். ஒன்றிரண்டு கேமராவுக்கு அது போதும்தான். ஆனாலும் எனக்குத் தூரத்தைவிட இடிதான் பயம்.

கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் உச்சி கருகிப்போன தென்னையை நம் எல்லோர் தோட்டத்திலும் பார்த்திருப்போம். இடி நேராக ஒயரில் விழ வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்பு ஒயரில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரண்டு முனைக்கும் பாயும். அதோடு வீட்டு எர்த் வேறு, கொட்டகை எர்த் வேறு. இடி இறங்கும் நொடியில் இரண்டுக்கும் நடுவே வருகிற வித்தியாசம், நாம் இழுத்துவைத்த ஒயர் வழியாகத்தான் ஓடும். என்விஆர் (கேமரா படத்தைப் பதிகிற பெட்டி), ரவுட்டர், அதோடு ஒயரில் கோத்திருக்கிற டிவி என்று வரிசையாகப் போய்விடும். அதனால் ஃபைபர் போட்டேன். அது கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. திருடனுக்கும் அதில் எடுக்க ஒன்றும் இல்லை.

ஃபைபர் என்றால் பெரிய கம்பெனி வேலை என்று நினைக்க வேண்டாம். ஊரில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் இழுக்கிற கேபிள்காரத் தம்பியே செய்துகொடுத்தார். அவர் வேலை செய்ததை உட்கார்ந்து பார்த்தேன். மேல் உறையை உரித்து, முடி கனம் இருக்கிற இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து நுனியை நேராக வெட்டுகிறார். பிறகு மெஷினுக்குள் இரண்டு நுனியையும் எதிரெதிரே வைத்து மூடினால், திரையில் இரண்டு தண்டவாளம் மாதிரி தெரிகிறது. அவை தானாக நகர்ந்து ஒரே கோட்டில் வந்து நின்றதும் பளிச்சென்று ஒரு பொறி, அவ்வளவுதான். இழப்பு 0.02 டெசிபல் என்று மெஷின் காட்டியது. மேலே ஒரு குழாயைப் போட்டுச் சூடாக்கி மூடிவிட்டார்.

இரண்டு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டர், அதாவது இழையில் வரும் ஒளியை ஒயர் சிக்னலாகவும் திருப்பியும் மாற்றுகிற பெட்டி. ஒற்றை இழை என்றால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது நேர்மாறு. இரண்டும் ஒரே வகையாக இருந்தால் வேலை செய்யாது. வேகம் 100 எம்பிபிஎஸ் தாராளம். 4 மெகாபிக்சல் கேமரா எச்.265 முறையில் படத்தைச் சுருக்கினால் 2 முதல் 4 எம்பிபிஎஸ்தான் எடுக்கும். மீட்டர் கணக்கில் பார்த்தால் நல்ல செம்பு கேட்-6 ஒயரைவிட, வீடுகளுக்கு இழுக்கிற டிராப் ஃபைபர் விலை குறைவு.

சொட்டுநீருக்குப் போடும் கருப்பு பைப்புக்குள் விட்டுப் புதைத்தோம். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்தே விட்டுவையுங்கள், பின்னால் இன்னொரு இழை இழுக்க உதவும். டிராக்டர் ஏறும் இடத்தில் மட்டும் ஆழம் அதிகம் வேண்டும். ரொட்டாவேட்டர் அரையடி மண்ணைக் கிளறிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

அண்ணன் சொன்னது தோப்புக்குச் சரி. எங்களுடையது வயல். மாடியில் நின்றால் போர்செட் கொட்டகை கண்ணுக்கு நேராகத் தெரியும், 400 மீட்டர் இருக்கும். வரப்பெல்லாம் பைப் புதைக்க வழியில்லை, நடுவில் இரண்டு பேருடைய நிலம் வேறு. அதனால் மாடியில் ஒன்று, கொட்டகை மேல் ஜிஐ பைப்பில் ஒன்று என 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் (ரேடியோ அலையில் இரண்டு இடத்தை இணைக்கிற கருவி) ஜோடி போட்டோம். இந்த அலைவரிசைப் பட்டையை நம் நாட்டில் 2018-ல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள், அதனால் அனுமதி வாங்குகிற வேலை கிடையாது.

பார்வைக்கு நேராக இருந்தால் மட்டும் போதாது. சிக்னல் நூல் பிடித்த மாதிரி போகாது, நடுவில் அகலமாகப் பரவித்தான் போகும். 400 மீட்டருக்கு நடுவழியில் எல்லாப் பக்கமும் இரண்டேகால் மீட்டராவது வெற்றிடம் வேண்டும். நெல் பிரச்சினை இல்லை. கரும்பு, வாழை போடுகிறவர்கள் பயிர் வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் வரும் என்று இப்போதே பார்த்துக் கம்பத்தை உயர்த்துங்கள். இலையில் இருக்கிற நீர்தான் 5 கிகாஹெர்ட்ஸை விழுங்குகிறது. மழை நின்ற பிறகும் நனைந்த மட்டை சொட்டிக்கொண்டிருக்கும்வரை சிக்னல் கீழேதான் கிடக்கும். தென்னைக்கு நடுவே இதைப் போட வேண்டாம்.

கரண்டு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போர்செட் சர்வீஸ் பம்புக்காகக் கொடுக்கப்பட்ட இலவச மின்சாரம், அதில் வேறு சாமான் மாட்டுவது முறையில்லை. வோல்டேஜும் ஒரு நிலையாக இருக்காது. நாங்கள் சோலார் போட்டோம். கேமராவும் பிரிட்ஜும் சேர்ந்து 14 வாட் என்றால் ஒரு நாளைக்கு 336 வாட்-மணி. 12 வோல்ட் 40 ஏஎச் பேட்டரி முழுக் கொள்ளளவே 480 வாட்-மணிதான், அதைக் கடைசிச் சொட்டு வரை இறக்கவும் கூடாது. கார்த்திகை மாசம் மூடிய வானம் ஒரு நாளோடு போகாது. 150 வாட் பேனலும் 80 ஏஎச் பேட்டரியும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் தாங்காது என்பது என் கருத்து.

மின்சார ஒயர் வழியாகவே நெட்வொர்க் அனுப்பும் பவர்லைன் அடாப்டரைச் சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒரு மீட்டர், மோட்டாருக்கு வேறு மீட்டர் என்று இருக்கிற இடத்தில் அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஒயர்மேன் (கோபி)

கேமரா வேலைதான் எனக்குத் தொழில். புதுசாகப் போட்ட இடத்தில் "கேமரா வருது, ஆனா என்விஆரில் காட்டலை" என்று கூப்பிட்டால், பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கொட்டகையில் பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டியிருப்பார்கள். வீட்டிலிருந்து வரும் ஒயரை அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில் சொருகினால், அந்த ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கும். வீட்டில் இருக்கிற என்விஆரின் நெட்வொர்க் முகவரி 192.168.1 வரிசையில் இருக்கும், கொட்டகைக் கேமரா 192.168.0 வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். ஒன்றுக்கொன்று தெரியாது. இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்று இருந்துவிட்டால் தலைவலி இன்னும் அதிகம்.

கொட்டகையில் வைஃபை வேண்டாம் என்றால் ரவுட்டரே வேண்டாம், பிஓஇ சுவிட்ச் ஒன்று போதும். வைஃபையும் வேண்டும் என்றால் அந்த ரவுட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழசு என்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று வைத்து, முகவரியைத் தானாகப் பகிரும் டிஎச்சிபியை அணைத்து, ஒயரை வான் போர்ட்டில் சொருகாமல் லான் (LAN) போர்ட்டில் சொருகுங்கள். முகவரி கொடுக்கிற வேலையை வீட்டு ரவுட்டர் மட்டும் பார்க்கட்டும். கேமராக்களுக்கு 192.168.1.201, 192.168.1.202 என்று வீட்டு ரவுட்டர் தானாகப் பகிரும் எல்லைக்கு வெளியே நிலையான எண் கொடுத்து, பேனாவால் என்விஆர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

புதுக் கேமராக்களை எல்லாம் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். ஹிக்விஷன் பெட்டியிலிருந்து வரும்போது 192.168.1.64 என்றும், டாஹுவா 192.168.1.108 என்றும் வரும். ஒரே எண்ணோடு நாலு கேமரா எழுந்தால் எதுவும் ஒழுங்காகத் தெரியாது. ஒன்றை மாட்டி, எண்ணை மாற்றி, அப்புறம் அடுத்தது. கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்கிற வைரஸ், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. மாட்டுக் கொட்டகைக் கேமராதானே என்று விடக் கூடாது, அது உங்கள் வீட்டுக்குள் திறக்கிற கதவு.

ஒயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியதாக இருக்கும். ஒரு இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கொட்டகைக்குள் சின்னத் தூரத்துக்கு ஓடும். நீளம் கூடினால் பிஓஇ மின்னழுத்தம் வழியிலேயே இறங்கி, பகலில் நன்றாக இருக்கும் கேமரா இரவில், இருட்டில் படம் தெரிய உதவும் ஐஆர் விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எழும்.

தோப்புவாசி அண்ணனுக்கு ஒரு வார்த்தை: டிராப் ஃபைபரில் தாங்குகிறதுக்காக ஒரு இரும்புக் கம்பி வரும் வகை உண்டு. இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டுவிட்டு அந்தக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் பயன் இல்லை. சுவருக்கு வெளியிலேயே பிரித்து வெட்டிவிட வேண்டும். கம்பிக்குப் பதில் நார்க்கண்ணாடிக் குச்சி வைத்த வகை கிடைத்தால் அதையே வாங்கலாம்.

பனைவடலி (கிளிநொச்சி)

வணக்கம். எங்கட வளவில் வீட்டிலிருந்து கோழிக்கூடு 70 மீட்டர். கேபிளிலேயே கமரா போட்டம், நிலத்துக்குக் கீழால் குழாயில். நெட்வொர்க்கில் பெரிய சிக்கல் வரேல்லை. எனக்குச் சொல்ல இருப்பது கூட்டுக்குள் நடப்பதைப் பற்றி.

கோழி எச்சத்திலிருந்து வருகிற அமோனியாவும் ஈரமும் சேர்ந்து கேபிள் முனையில் இருக்கிற எட்டு உலோகத் தகடுகளையும் பச்சை பிடிக்க வைத்துவிடும். கமராவோடு தருகிற ரப்பர் மூடியை எறிந்துவிடாமல் ஒழுங்காகப் பூட்டி, இணைப்பைக் கூட்டுக்கு வெளியே ஒரு மூடிய பெட்டிக்குள் வையுங்கோ. கேபிளைப் பெட்டிக்குள் விடும்போது கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைத்தண்ணி அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

மற்றது சிலந்தி. இரவில் கமராவின் ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி கண்ணாடிக்கு முன்னாலேயே வலை கட்டும். ஒரு இழை காற்றில் ஆடினாலும் ஃபோன் முழுக்க எச்சரிக்கைதான். கமராவின் ஐஆரை நிறுத்திவிட்டு இரண்டு மீட்டர் தள்ளித் தனி ஐஆர் விளக்குப் போட்ட பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. தும்புத்தடியால் வலை அடிக்கிறது தனி வேலை, அதை விட ஏலாது.

மேகமலை (தேனி)

அம்மா தனியாக இருக்கிறார்கள், நான் சென்னையில். ஏலக்காய்க் கிடங்கு வீட்டிலிருந்து சரிவில் கீழே இருக்கிறது, நேர்ப்பார்வை கிடையாது. கடையில் சிம் போடும் சோலார் கேமரா வாங்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுக்க ஓடினால் 10.8 ஜிபி. தினம் 2 ஜிபி பேக்கில் அது நடக்காது. ஆள் நடமாட்டம் வந்தால் மட்டும் மெமரி கார்டில் பதிந்து ஃபோனுக்குத் தகவல் அனுப்புகிற மாதிரி வைத்திருக்கிறேன். அதற்கு அந்தப் பேக் போதுகிறது. ஆனால் ராத்திரி நாய் குரைத்தால் அம்மா டிவியைப் போட்டு அங்கே என்ன என்று உடனே பார்க்க வேண்டும், அதற்கு இது ஒத்துவரவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் கேமரா எழுந்து படம் காட்டுவதற்குள் அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதுதான் என் கவலையே. ஃபைபர் சரிவில் இறக்க முடியுமா அண்ணா? கரண்டு போனால் கன்வெர்ட்டர் நிற்குமே, அதற்கு என்ன செய்தீர்கள்?

தோப்புவாசி (பொள்ளாச்சி)

தாராளமாக இறக்கலாம் தங்கச்சி. சரிவு ஃபைபருக்குப் பிரச்சினையே இல்லை, கூர்மையாக மடங்கக் கூடாது அவ்வளவுதான். பாறை இருக்கிற இடத்தில் தோண்ட முடியாது, கருப்பு பைப்பைக் கல் இடுக்கில் வைத்து அணைத்துவிடச் சொல்லுங்கள். காட்டுப்பன்றி வந்து நோண்டுகிற இடம் என்றால் ஜிஐ பைப்பே போட்டுவிடுவது நல்லது. முதலில் உங்கள் ஊர் கேபிள்காரரைக் கூப்பிட்டு நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அம்மா டிவியில் உடனே பார்க்க வேண்டும் என்றால் இதுதான் வழி.

கரண்டுக்கு, வீட்டுப் பக்கம் இருக்கிற கன்வெர்ட்டரையும் ரவுட்டரையும் என்விஆரையும் டிவியையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள். கிடங்குப் பக்கம் கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். இரண்டு கேமரா, சுவிட்ச், கன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து 25 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ரவுட்டருக்கு விற்கிற மினி யுபிஎஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 5, 9, 12 வோல்ட்தான் தரும். பிஓஇ சுவிட்சுக்கு 48 வோல்ட் வேண்டும்.