சிலம்ப வகுப்பில் கதை எவ்வளவு, கம்பு எவ்வளவு?

கம்புக்காரி, ஈசூன்:
சமூக மன்றத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மணி நேர வகுப்பு. ஊரில் என் ஆசான் செய்த மாதிரி, முதலில் எல்லாரையும் உட்கார வைத்துக் கட்டபொம்மன், பாளையக்காரர்கள், கம்புக்கு ஏன் மரியாதை என்றெல்லாம் சொல்வேன். வணக்கம் போட்டுக் காலடி தொடங்குவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். "டியூஷனில்தான் உட்கார்ந்தே கிடக்கிறான், இங்கேயுமா?" என்று ஒரு அம்மா கேட்டேவிட்டார். கதையை விட்டுவிட்டு வீச்சு மட்டும் என்றால் அது வெறும் உடற்பயிற்சி, அதற்கு நான் எதற்கு? மற்ற கலை எடுப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நீலப்பட்டை:
அக்கா, நான் டேக்வாண்டோ, ஐடிஎஃப் (அனைத்துலக டேக்வாண்டோ கூட்டமைப்பு) முறை. எங்களுக்கு வரலாறு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜூங்-குன் என்ற பேட்டர்னில், அதாவது வரிசை மாறாமல் ஆடும் அசைவுக் கோர்வையில், 32 அசைவுகள். ஜப்பானியத் தலைவர் இத்தோவைச் சுட்டதற்காகக் கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜூங்-குன் 1910இல் தூக்கிலிடப்பட்டபோது, கொரியக் கணக்கில் அவருக்கு வயது 32. ஆடி முடித்துப் பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது "ஏன் 32?" என்று கேட்பேன். ரெண்டே நிமிடம், அப்புறம் அடுத்த ஆட்டம்.

பிரம்பு மாமா:
சொல்வது தப்பில்லை தங்கச்சி, சொல்லும் நேரம்தான் இடிக்கிறது. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோகூட விரிவுரையையும் கேள்வி பதிலையும் பயிற்சியோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்.

1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தது. இதைக் கம்பு தட்டிப் பறிக்கிற பாடம் எடுக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள். வெறுங்கையோடு நிற்கிற பையனுக்குச் சட்டென்று ஏறும்.

இன்னொன்று, ஐயாயிரம் வருடப் பழமை என்று அளக்காதீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே போனில் தேடிப் பார்த்துவிடுவார்கள்.

கம்புக்காரி, ஈசூன்:
சரி மாமா, பறிக்கிற பாடத்தை முன்னால் இழுத்துவிடுகிறேன். மற்ற கதைகளுக்கும் தண்ணீர் குடிக்கிற நேரம் போதும். ஆனால் கம்பைத் தாண்டக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லியாக வேண்டும், அதில் மட்டும் பேரம் கிடையாது. போன வாரம் ஒருத்தன் போத்தலை எடுக்க நாலு கம்பைத் தாண்டிக்கொண்டு ஓடினான்.