ராணி மேரி கல்லூரி வாசலில் வந்து நின்ற பாட்டி

1993-ஆம் வருடம். ராணி மேரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், கேட்டில் வாட்ச்மேனிடம் ஒரு பாட்டி கெஞ்சிக்கொண்டிருந்தார். வெளுத்த பருத்திப் புடவை, கையில் மஞ்சப்பை. "உள்ள ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேம்பா, நான் இங்க படிச்சவ."

சரி, நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அழைத்துப் போனேன். எனக்கு வழிகாட்டும் வேலையே இல்லை. பாட்டி நேராகக் கல்லூரியின் பழைய கட்டடமான கேப்பர் ஹவுஸுக்குத்தான் நடந்தார். படிக்கட்டின் மரக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தவர், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. உப்புக்காற்றில் அந்த மரம் எப்போதும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். "அப்பவும் இப்படித்தாம்மா இருக்கும்" என்றார்.

அப்புறம்தான் அவருடைய அத்தையின் கதை வந்தது. அத்தைக்குச் சின்ன வயதிலேயே கல்யாணமாகி, விவரம் தெரியும் முன்பே கணவர் போய்விட்டாராம். சகோதரி சுப்புலட்சுமி ஐஸ் ஹவுஸில் நடத்திய விதவைப் பெண்கள் இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். அங்கிருந்து கடற்கரைச் சாலையிலேயே நடந்து இந்தக் கல்லூரிக்கு வந்து படித்து, ஆசிரியை ஆகியிருக்கிறார். "எங்கத்தை படிச்சதாலதாம்மா எங்கப்பா என்னையும் சேர்த்தார்."

வரலாறு படித்தவள்தான் நான். ஆனாலும் நான் உட்கார்ந்திருந்த இடத்தின் வரலாற்றை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். சுப்புலட்சுமி அம்மையார் 1911-இல் பட்டம் வாங்கியது மாநிலக் கல்லூரியில். அப்போது சென்னையில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. 1914-இல்தான் மெட்ராஸ் பெண்கள் கல்லூரி என்ற பெயரில் இது தொடங்கியது, 37 மாணவிகளோடு. ராணி மேரி என்ற பெயர் 1917-இல் வந்தது. முதல் முதல்வர் டோரத்தி டி லா ஹே 1936 வரை பொறுப்பில் இருந்தார். இருபத்திரண்டு வருடம்! பாட்டியின் அத்தை நிச்சயம் அவரைப் பார்த்திருப்பார்.

2003-இல் கல்லூரியை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாகச் செய்தி வந்தபோது எனக்குக் கைக்குழந்தை. தூக்கிக்கொண்டே போனேன். உள்ளே மாணவிகள் இடத்தை விட்டு நகரவில்லை. வெளியே எங்களைப் போன்ற பழைய மாணவிகள், நரைத்த தலைகள் நிறைய. அந்தக் கூட்டத்தில் பாட்டி இருக்கிறாரா என்று தேடிக்கொண்டே நின்றேன். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி பிழைத்தது. ஆனால் கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை, அந்த இடத்தில் புதுக் கட்டடம் நிற்கிறது. அந்தக் கைப்பிடியை ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

உங்களில் ராணி மேரியில் படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நான் 2009-இல் சேர்ந்தேன், தாவரவியல். திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமம். தலைச்சேரியிலிருந்து வந்து இதே கல்லூரியில் படித்தவர்தான் ஜானகி அம்மாள் என்று முதல் வருடத்திலேயே ஒரு மேடம் சொன்னார். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, 1977-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அதைக் கேட்டது முதல் லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரும்போதெல்லாம் அவர் நினைப்புதான்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். சேர்த்துவிட வந்த அம்மா, பணம் கட்டி முடித்ததும் எதிரே மெரினா மணலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபீஸ் ரசீதை வாங்கி, என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். இன்னும் என்னிடம் கொடுக்கவில்லை.